மேற்கோள்கள் எதை எண்ணுகின்றன? ராபர்ட் கெனிகட்டும் விண்மீன் உருவாக்க ஆய்வும்

விண்மீன்கள் எந்த வேகத்தில் பிறக்கின்றன என்று ஆராயும் வானியல் கட்டுரைகளில், அவை அண்மையிலுள்ள கேலக்ஸி ஒன்றைப் பற்றியவையாயினும் பேரண்டத்தின் தொலைவில் மங்கலாகத் தெரியும் ஓர் ஒளிப்புள்ளியைப் பற்றியவையாயினும், அமெரிக்க வானியலாளர் ராபர்ட் கெனிகட்டின் பெயர் பெரும்பாலும் இடம்பெறுகிறது. கோடிக்கணக்கான விண்மீன்களும் வாயுவும் தூசியும் ஈர்ப்பால் கட்டுண்டு கிடக்கும் தொகுதியே கேலக்ஸி. நம் பால்வீதியும் அவற்றில் ஒன்று. 1998-இல் கெனிகட் தனியொருவராக எழுதிய இரண்டு கட்டுரைகள் ஒவ்வொன்றும் பல ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று கேலக்ஸிகளில் விண்மீன் உருவாக்கம் பற்றிய அதுவரையிலான அறிவைத் தொகுத்த மீள்நோக்குக் கட்டுரை. மற்றொன்று வாயுவின் அடர்த்திக்கும் விண்மீன் பிறப்பு வீதத்துக்கும் இடையிலான தொடர்பை ஒரே சமன்பாட்டில் அடக்கிய ஆய்வு.

இந்த எண்ணிக்கையை ஓர் இயற்கை விதியைக் கண்டறிந்ததற்கான அங்கீகாரமாகக் கொள்வதே வழக்கம். அந்தச் சமன்பாடு கெனிகட்–ஷ்மிட் விதி என்ற பெயரில் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டதால் இப்படிக் கொள்வது இயல்பாகவும் தோன்றுகிறது. ஆனால் அந்த மேற்கோள்கள் எந்த இடத்தில், எதன் பொருட்டுக் காட்டப்படுகின்றன என்று பார்க்கும்போது வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அவற்றில் கணிசமானவை கெனிகட் கண்ட விதியை ஏற்பவையோ மறுப்பவையோ அல்ல. அவர் வகுத்துத் தந்த அளவுமுறையைப் பயன்படுத்துபவை. விதியைப் பொறுத்தவரை கடந்த இருபது ஆண்டுகளாகச் சர்ச்சை நடந்துகொண்டிருக்கிறது. சர்ச்சை செய்பவர்களும் அவர் அளவுமுறையைக் கொண்டே அளக்கிறார்கள். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஓர் ஆய்வாளரின் தாக்கத்தை மதிப்பிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஷ்மிட் விட்டுச்சென்ற கேள்வி

1959-ஆம் ஆண்டு டச்சு வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட், அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னலில் விண்மீன் உருவாக்க வீதம் குறித்து ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அந்த இதழின் ஆசிரியராக இருந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்ரமணியன் சந்திரசேகர். 1952 முதல் 1971 வரை அப்பொறுப்பை வகித்த அவர் காலத்தில்தான் விண்மீன் உருவாக்க ஆய்வின் மூலக் கட்டுரைகள் இரண்டும் அந்த இதழில் வெளிவந்தன. 1955-இல் எட்வின் சால்பீட்டர், ஒரே சமயத்தில் பிறக்கும் விண்மீன்களில் எடை குறைந்தவை எத்தனை, எடை மிகுந்தவை எத்தனை என்ற விகிதத்தைக் கணித்தார்; தொடக்க நிறைப் பரவல் என்று அது வழங்குகிறது. நான்காண்டுகள் கழித்து ஷ்மிட், ஓரிடத்தில் விண்மீன் பிறக்கும் வீதம் அங்குள்ள வாயு அடர்த்தியின் ஏதோ ஓர் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கக்கூடும் என்று கொண்டு, அந்த அடுக்கின் மதிப்பைத் தேடினார். பால்வீதித் தட்டின் குறுக்கே வாயு எவ்வளவு தடிமனாகப் பரவியிருக்கிறது, இளம் விண்மீன்கள் எவ்வளவு தடிமனாகப் பரவியிருக்கின்றன என்பன போன்ற பல தடயங்களை ஒப்பிட்டு, அடுக்கு ஏறத்தாழ 2 என்ற முடிவுக்கு வந்தார். வாயு அடர்த்தி இருமடங்கானால் விண்மீன் பிறப்பு நான்கு மடங்காகும் என்பது இதன் பொருள்.

எளிமையான கருதுகோளாக இருந்தபோதிலும் அதைப் பிற கேலக்ஸிகளில் சோதிப்பது எளிதாக இருக்கவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் வெவ்வேறு ஆய்வாளர்கள் வெவ்வேறு கேலக்ஸிகளில் வெவ்வேறு அடுக்குகளைப் பெற்றார்கள். விண்மீன் பிறப்பை ஒருவர் இளம் விண்மீன்களை எண்ணி அளந்தார்; இன்னொருவர் ஒளிரும் வாயு மேகங்களை எண்ணினார்; மூன்றாமவர் கேலக்ஸியின் நிறத்திலிருந்து ஊகித்தார். வாயுவிலும் அணு நிலையிலுள்ள ஹைட்ரஜனை மட்டுமே பலர் அளக்க முடிந்தது. விண்மீன்கள் உண்மையில் பிறக்கும் மூலக்கூறு வாயு பெரும்பாலும் கணக்கில் வரவில்லை. முடிவுகள் முரண்பட்டபோது, முரண்பாடு இயற்கையில் இருக்கிறதா, அளவையில் இருக்கிறதா என்று சொல்ல வழியில்லை. கெனிகட்டின் பணி இந்த இடத்தில் தொடங்குகிறது.

ஓர் அளவை உருவான விதம்

1951-இல் பிறந்த கெனிகட், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜின் வழிகாட்டுதலில் 1978-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் ஆய்வு விண்மீன் பிறப்பைப் பற்றியதாகத் தொடங்கவில்லை. வெப்பம் மிகுந்த இளம் விண்மீன்களைச் சூழ்ந்து ஒளிரும் அயனியாக்கப்பட்ட வாயுப் பகுதிகளின் அளவைக் கொண்டு பிற கேலக்ஸிகளின் தொலைவைக் கணிக்க இயலுமா என்பதே அப்போதைய கேள்வி. அந்த வாயுப் பகுதிகளின் ஒளியைக் கவனமாக அளக்கும் பயிற்சி அவருக்கு அங்குக் கிடைத்தது. தொலைவுக் கணிப்பில் கொண்ட ஈடுபாடும் பின்னாளில் தொடர்ந்தது: ஹபிள் விண்தொலைநோக்கியைக் கொண்டு பேரண்டத்தின் விரிவு வீதத்தை அளந்த திட்டத்தை வெண்டி ஃபிரீட்மன், ஜெரமி மோல்ட் ஆகியோருடன் இணைந்து வழிநடத்தியவர் அவர். அதற்காக மூவரும் 2009-ஆம் ஆண்டின் குரூபர் அண்டவியல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

விண்மீன் உருவாக்கத்தை அளக்க அவர் தேர்ந்துகொண்ட கருவி, ஹைட்ரஜன் அணு உமிழும் ஆல்ஃபா கோடு என்னும் 656.3 நானோமீட்டர் அலைநீளச் செந்நிற ஒளி. சூரியனைப் போலப் பத்து மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன்கள் உமிழும் கடுமையான புறஊதாக் கதிர்கள் சுற்றியுள்ள ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கின்றன. பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் அணுவோடு சேரும்போது இந்த ஒளி வெளிப்படுகிறது. இத்தகைய விண்மீன்கள் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு மேல் வாழ்வதில்லை. ஆகவே ஒரு கேலக்ஸியில் இந்த ஒளி தெரிந்தால், கேலக்ஸியின் வாழ்நாளோடு ஒப்பிட நேற்றுப் பிறந்தவை என்று சொல்லத்தக்க விண்மீன்கள் அங்கே இருக்கின்றன என்று பொருள். 1983-இல் ஸ்டீபன் கென்ட்டுடன் சேர்ந்து ஏறத்தாழ 200 கேலக்ஸிகளின் ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளியை ஒரே முறையில் அளந்து வெளியிட்ட பட்டியலும், அதே ஆண்டில் அந்த ஒளியை விண்மீன் பிறப்பு வீதமாக மாற்றிக் காட்டிய கட்டுரையும் இத்துறையில் அவர் இட்ட அடித்தளம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆல்ஃபா கோடு நேரடியாகக் காட்டுவது நிறை மிகுந்த விண்மீன்களை மட்டுமே. சால்பீட்டரின் பரவலைச் சூரிய நிறையின் பத்தில் ஒரு பங்கிலிருந்து நூறு மடங்கு வரை நீட்டிக் கணக்கிட்டால், புதிதாகப் பிறக்கும் விண்மீன்களின் மொத்த நிறையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே அந்தக் கனத்த விண்மீன்களில் இருக்கிறது. எஞ்சிய ஏழு பங்கும் காணப்படாமல் கணக்கில் சேர்க்கப்படுபவை. எனவே ஒரு கேலக்ஸியின் விண்மீன் பிறப்பு வீதம் என்று வெளியிடப்படும் எந்த எண்ணும், தொடக்க நிறைப் பரவல் எங்கும் ஒன்றே என்ற அனுமானத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. கெனிகட் இந்த அனுமானத்தை மறைக்கவில்லை. ஒவ்வொரு கட்டுரையிலும் எடுத்துச் சொல்கிறார். எண்ணை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் அனுமானத்தையும் உடன் எடுத்துக்கொண்டார்களா என்பது வேறு கேள்வி.

1994-இல் பீட்டர் டாம்ப்ளின், சார்லஸ் காங்டன் ஆகியோருடன் எழுதிய கட்டுரை இத்தனை புகழ் பெறவில்லை. எனினும் அவர் பணியில் தத்துவார்த்த ஆழம் மிகுந்தது அதுவே என்று கருத இடமுண்டு. சுருள் கேலக்ஸிகளை அவற்றின் மையப் புடைப்பின் அளவையும் கைகளின் இறுக்கத்தையும் கொண்டு வரிசைப்படுத்தும் ஹபிள் வரிசையில், ஒரு முனையிலுள்ள கேலக்ஸிகள் சிவந்தும் மறுமுனையில் உள்ளவை நீலம் பாய்ந்தும் தோன்றுகின்றன. முதிய விண்மீன்கள் நிறைந்த மையப் புடைப்பு பெரிதாக இருப்பதே சிவப்புக்குக் காரணம் என்று விளக்குவது எளிது. கெனிகட் குழுவினர் தட்டுப் பகுதியைத் தனியே பிரித்து, அதில் இப்போது விண்மீன் பிறக்கும் வீதத்தைக் கடந்தகாலச் சராசரியோடு ஒப்பிட்டார்கள். வரிசையின் ஒரு முனையில் இப்போதைய வீதம் பழைய சராசரியில் மிகச் சிறு பங்காகச் சுருங்கியிருந்தது. மறுமுனையில் ஏறக்குறைய மாறாமல் இருந்தது. ஆக, வேறுபாடு தட்டுகளின் வரலாற்றிலேயே இருக்கிறது. கேலக்ஸியின் வடிவத்தையும் அதன் கடந்தகாலத்தையும் இணைக்கும் இம்முடிவு, 1998-இன் சமன்பாட்டின் நிழலில் மங்கிப்போனது மேற்கோள் எண்ணிக்கையின் குறைகளில் ஒன்று.

1998: இரண்டு கட்டுரைகள், இரண்டு வாழ்க்கைகள்

காலப் பொருத்தம் இங்கே முக்கியமானது. 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி வானின் மிகச் சிறிய பரப்பொன்றைப் பல நாட்கள் உற்றுநோக்கி எடுத்த ஆழப் படம், ஆயிரக்கணக்கான தொலைதூரக் கேலக்ஸிகளைக் காட்டியது. 1996-இல் சைமன் லில்லியும் பியரோ மடாவும் தத்தம் குழுவினருடன், பேரண்டம் முழுவதும் காலந்தோறும் விண்மீன்கள் எந்த வீதத்தில் பிறந்தன என்று வரைந்து காட்டத் தொடங்கினர். ஒரு குழு புறஊதா ஒளியை அளந்தது, இன்னொன்று அகச்சிவப்பை, பிறிதொன்று ஆல்ஃபா கோட்டை. இவற்றையெல்லாம் ஆண்டுக்கு இத்தனை சூரிய நிறை என்ற பொது அலகுக்குக் கொண்டுவர ஒரு பொது எடைக்கல் தேவைப்பட்டது. ஆனுவல் ரிவ்யூ ஆஃப் அஸ்ட்ரானமி அண்ட் அஸ்ட்ரோஃபிசிக்ஸ் இதழில் வெளிவந்த கெனிகட்டின் மீள்நோக்கு அதைத் தந்தது. ஆல்ஃபா கோட்டில் ஒரு கேலக்ஸி நொடிக்கு ஏறத்தாழ 1.3 பெருக்கல் 10-இன் 41-ஆம் அடுக்கு எர்க் ஆற்றலை உமிழ்ந்தால், அங்கே ஆண்டுக்கு ஒரு சூரிய நிறை அளவு விண்மீன்கள் பிறக்கின்றன என்பது போன்ற மாற்றுக் காரணிகள், புறஊதாவுக்கும் அகச்சிவப்புக்கும் சேர்த்து, ஒரே தொடக்க நிறைப் பரவலின் அடிப்படையில் ஒரே இடத்தில் கிடைத்தன.

இந்தக் காரணிகள் அனைத்தும் கெனிகட் ஒருவரின் கணிப்பு அல்ல. ஆல்ஃபா கோட்டுக்கான மதிப்பு 1994-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்தும் மடாவின் கணிப்பிலிருந்தும் வந்தது. புறஊதாவுக்கும் மடா குழுவினரின் மாதிரிகளே அடிப்படை. அகச்சிவப்புக்கு லைத்தரர், ஹெக்மன் ஆகியோரின் மாதிரிகள் துணைநின்றன. சிதறிக் கிடந்தவற்றைச் சீர்செய்து, ஒன்றோடொன்று பொருந்தவைத்து, எது எங்கே பிழைக்கும் என்று எச்சரித்துக் கொடுத்ததே அவர் செய்தது. இதைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. இத்தகைய பணியைச் செய்யப் பரந்த அறிவும் நேர்மையான மதிப்பீடும் வேண்டும். ஆனால் பல ஆயிரம் மேற்கோள்கள் ஒருவர் பெயரில் குவியும்போது, அந்தக் காரணிகளை முதலில் கணித்தவர்களின் பங்கு பார்வையிலிருந்து நழுவுகிறது. புகழ் ஏற்கெனவே உள்ள இடத்துக்கே மேலும் சென்று சேர்கிறது என்று அறிவியல் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968-இல் எழுதியதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

எச்சரிக்கைகளின் கதி இன்னும் கவலைக்குரியது. அகச்சிவப்புக் காரணி, பத்துக் கோடி ஆண்டுகளுக்கு உட்பட்ட வயதில் தூசி மண்டி வேகமாக விண்மீன்களைப் பிறப்பிக்கும் கேலக்ஸிகளுக்கே பொருந்தும் என்று கட்டுரை சொல்கிறது. சாதாரணச் சுருள் கேலக்ஸிகளில் முதிய விண்மீன்களும் தூசியைச் சூடாக்குவதால், அங்கே அதே காரணியை இட்டால் பிறப்பு வீதம் மிகையாகத் தெரியும். புறஊதாக் காரணியும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் சீராக நடந்துவந்த பிறப்புக்கே செல்லும். இருந்தும் இக்காரணிகள் எல்லா வகைக் கேலக்ஸிகளுக்கும், எல்லாத் தொலைவுகளுக்கும் தாராளமாகப் பயன்பட்டன. ஒரு சமன்பாட்டைத் தனியே எடுத்துச் செல்வது எளிது. அதன் நிபந்தனைகள் மூலக் கட்டுரையின் பத்திகளிலேயே தங்கிவிடுகின்றன.

இரண்டாவது கட்டுரையில்தான் விதி வருகிறது. 61 சாதாரணத் தட்டுக் கேலக்ஸிகளையும், பெருவீச்சில் விண்மீன்கள் பிறக்கும் 36 கேலக்ஸிகளையும் கெனிகட் எடுத்துக்கொண்டார். தட்டின் மொத்த வாயுவையும் மொத்த விண்மீன் பிறப்பையும் பரப்பால் வகுத்து, ஒவ்வொரு கேலக்ஸியையும் வரைபடத்தில் ஒரே புள்ளியாகக் குறித்தார். சதுரப் பார்செக்குக்குச் சில சூரிய நிறைகள் என்பதிலிருந்து பல்லாயிரம் சூரிய நிறைகள் வரை விரியும் அந்தப் பரப்பில் புள்ளிகள் ஒரே கோட்டைச் சார்ந்து நின்றன. பார்செக் என்பது ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு. கோட்டின் அடுக்கு 1.4, பிழை எல்லை 0.15. ஈர்ப்பால் வாயு சரிந்து விழ ஆகும் காலம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், வாயுவின் ஒரு நிலையான பங்கு ஒவ்வொரு சரிவுக் காலத்திலும் விண்மீனாகிறது என்று கொண்டால் அடுக்கு 1.5 வர வேண்டும். கண்ட மதிப்பு இதற்கு அருகில் அமைந்தது கவர்ச்சியாகவே இருந்தது. ஆனால் அதே கட்டுரை, வாயு அடர்த்தியைத் தட்டின் சுழற்சிக் காலத்தால் வகுத்தாலும் அதே தரவு அதே அளவு நன்றாகப் பொருந்துகிறது என்றும் காட்டியது. ஒவ்வொரு சுற்றுக்கும் வாயுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விண்மீனாகிறது என்பது அதன் பொருள். ஆக, கெனிகட் ஒரே தரவுக்கு இரண்டு விளக்கங்களை முன்வைத்து, எது சரி என்று தீர்க்கவில்லை. பிற்காலத்தில் முதல் விளக்கமே விதியாக நிலைத்தது.

விதியின் மீது எழுந்த கேள்விகள்

2004-இல் யூ காவோவும் ஃபிலிப் சாலமனும் அடர்ந்த வாயுவை மட்டும் காட்டும் ஹைட்ரஜன் சயனைடு மூலக்கூறின் ஒளியை அளந்து, அது விண்மீன் பிறப்போடு நேர்விகிதத்தில், அதாவது அடுக்கு 1 என்ற அளவில் இணைவதாகக் காட்டினார்கள். இது சரியென்றால் 1.4 என்ற அடுக்கு இயற்கையின் ஆழமான விதி எதையும் குறிக்கவில்லை. மொத்த வாயுவில் அடர்ந்த வாயுவின் பங்கு இடத்துக்கு இடம் மாறுவதையே குறிக்கிறது. 2008-இல் ஃபிராங்க் பீகல் குழுவினர் 18 கேலக்ஸிகளை 750 பார்செக் அளவிலான துண்டுகளாகப் பிரித்து ஆராய்ந்தனர். மூலக்கூறு வாயுவுக்கு அவர்கள் பெற்ற அடுக்கும் 1-ஐ ஒட்டியே இருந்தது. அந்த வாயு முழுவதும் விண்மீனாகத் தீர ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் ஆகும், எங்கும் ஏறக்குறைய அதே காலம்தான் என்றார்கள். அணு ஹைட்ரஜனோ சதுரப் பார்செக்குக்கு ஏறத்தாழ 9 சூரிய நிறைகளுக்கு மேல் அடர்வதில்லை. அதற்கு மேற்பட்டது மூலக்கூறாகிவிடுகிறது.

இதற்கு முந்தைய ஆண்டு கெனிகட்டே நீர்ச்சுழல் கேலக்ஸி எனப்படும் எம்51-ஐ இதே போலத் துண்டுகளாக்கி ஆராய்ந்து, மொத்த வாயுவுக்கு 1.56, மூலக்கூறு வாயுவுக்கு 1.37 என்ற அடுக்குகளைப் பெற்றிருந்தார். இரு குழுவினரும் ஏறக்குறைய ஒரே வகைத் தரவைக் கொண்டிருந்தும் விடைகள் வேறுபட்டன. காரணம் நுணுக்கமானது, ஆனால் முழுச் சர்ச்சைக்கும் மையமானது. கேலக்ஸித் தட்டு முழுவதும் பரவியுள்ள மெல்லொளியில் ஒரு பகுதி புதிய விண்மீன்களோடு தொடர்பில்லாதது. அதை அளவிலிருந்து கழித்தால் மங்கலான துண்டுகளில் பிறப்பு வீதம் குறைந்து கோடு செங்குத்தாகிறது. கழிக்காமல் விட்டால் கோடு சாய்ந்து 1-ஐ நெருங்குகிறது. எவ்வளவு கழிப்பது என்பது ஆய்வாளரின் தீர்ப்பு. விதி என்று சொல்லப்படுவதன் அடுக்கே இப்படிக் கழித்தலின் அளவால் மாறுமாயின், அதன் மேல் எழுப்பப்படும் கோட்பாடுகளுக்கு எவ்வளவு உறுதி இருக்க முடியும்?

வாயுவின் பக்கத்திலும் இதே சிக்கல். மூலக்கூறு ஹைட்ரஜன் குளிர்ந்த நிலையில் ஒளி உமிழ்வதில்லை. ஆகையால் அதோடு கலந்துள்ள கார்பன் மோனாக்சைடின் ஒளியை அளந்து, ஒரு மாற்றுக் காரணியால் பெருக்கி ஹைட்ரஜனின் நிறையைப் பெறுகிறார்கள். 1998-இல் கெனிகட் அந்தக் காரணியை எல்லாக் கேலக்ஸிகளுக்கும் ஒன்றாகவே வைத்தார். வாயு வெப்பமாகவும் கொந்தளிப்பாகவும் இருக்கும் பெருவீச்சுக் கேலக்ஸிகளில் அது குறைவு என்று பலர் வாதிடுகிறார்கள். குறைத்துக் கணக்கிட்டால் அங்குள்ள புள்ளிகள் இடப்பக்கம் நகர்ந்து அடுக்கு 2 வரைகூட உயரலாம். ஷ்மிட் 1959-இல் வேறு வழியில் பெற்ற எண்ணை அது நினைவூட்டினாலும், அவர் அளந்தது கன அளவுக்கான அடர்த்தி, இது பரப்பு அடர்த்தி. ஆதலால் இந்த ஒற்றுமைக்கு மேலதிகப் பொருள் கொள்வது தவறாகும்.

அளவுகோல் சிறிதாகும்போது தொடர்பே உடைகிறது. 2010-இல் எம்33 கேலக்ஸியை மேகங்களின் அளவுக்குப் பகுத்து ஆராய்ந்த இரு குழுக்கள், வாயு செறிந்த இடங்களும் இளம் விண்மீன் ஒளி செறிந்த இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிவதில்லை என்று காட்டின. விண்மீன்கள் பிறந்ததும் தம்மைப் பெற்ற மேகத்தைக் கலைத்துவிடுவதால், ஓரிடத்தில் மேகத்தின் இளமையும் இன்னோரிடத்தில் அதன் முடிவும் தெரிகிறது. கெனிகட்டின் கோடு பல நூறு மேகங்களின் சராசரியில் மட்டுமே புலப்படுகிறது.

மேற்கோள்களின் இன்னொரு பெரும் பகுதி கணினிப் பாவனைகளிலிருந்து வருகிறது. பேரண்டத்தில் கேலக்ஸிகள் உருவாவதைப் பாவனை செய்யும் நிரல்களால் தனித்தனி விண்மீன்களின் பிறப்பைக் கணிக்க முடியாது. அதனால் 2003-இல் ஸ்பிரிங்கலும் ஹெர்ன்குவிஸ்ட்டும் வகுத்த முறையைப் போன்றவை, தம் சமன்பாடுகளின் மாறிலிகளைக் கெனிகட்டின் கோட்டோடு பொருந்துமாறு சரிசெய்துகொள்கின்றன. அப்படிச் சரிசெய்த பாவனையில் கேலக்ஸிகள் கெனிகட்டின் கோட்டின்மேல் நிற்பது வியப்பன்று. அதை விதிக்கான சான்றாக எடுத்துக்கொள்வது, இட்ட பொருளையே திரும்ப எடுத்து மகிழ்வதாகும். மேற்கோள் எண்ணிக்கையோ சான்றாகக் காட்டியதையும் உள்ளீடாக எடுத்ததையும் வேறுபடுத்துவதில்லை.

எண்ணிக்கையில் சேராதவை

1999-இல் கெனிகட் அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னலின் தலைமை ஆசிரியரானார். 2006 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவருக்கு முன் 1971 முதல் இதழை நடத்திய ஹெல்மட் ஆப்ட், வானியல் கட்டுரைகளின் மேற்கோள் போக்குகளையே தனி ஆய்வாக நெடுங்காலம் செய்தவர். ஷ்மிட்டின் கட்டுரையை வெளியிட்ட சந்திரசேகரிடமிருந்து ஆப்ட் வழியாக இப்பொறுப்பு கெனிகட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஓர் ஆய்விதழின் ஆசிரியர் எந்தக் கட்டுரையை யாரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்புகிறார், எதைத் திருத்தச் சொல்கிறார் என்பவை ஒரு துறையின் தரத்தை நேரடியாகப் பாதிக்கின்றன. எந்த அட்டவணையிலும் அவற்றுக்குப் புள்ளி கிடையாது. 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்மொழிந்த எச் குறியீடு, ஒருவரின் எத்தனை கட்டுரைகள் அத்தனை முறையேனும் மேற்கோள் காட்டப்பட்டன என்று மட்டுமே பார்க்கிறது.

தரவுத் தொகுதிகள் இன்னும் பெரிய விடுபடல். 2003-இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கியைக் கொண்டு 75 அண்மைக் கேலக்ஸிகளைப் பல அலைநீளங்களில் ஆராய்ந்த சிங்ஸ் திட்டத்தையும், ஹெர்ஷல் தொலைநோக்கியைக் கொண்டு 61 கேலக்ஸிகளை ஆராய்ந்த கிங்ஃபிஷ் திட்டத்தையும் வழிநடத்தியவர் கெனிகட். இவற்றின் படங்கள் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்கப்பட்டன. தூசியால் மறைக்கப்பட்ட விண்மீன் பிறப்பை, ஆல்ஃபா கோட்டையும் 24 மைக்ரான் அகச்சிவப்பையும் சேர்த்து அளக்கும் முறையை 2007-இல் டேனியலா கால்செட்டி உருவாக்கியது இந்தத் தரவிலிருந்துதான். பீகல் குழுவினர் கெனிகட்டின் அடுக்கை மறுத்த ஆய்வும் இதே சிங்ஸ் படங்களைப் பயன்படுத்தியது. தன் முடிவைச் சோதித்து மறுக்கத் தேவையான தரவைத் தானே திரட்டி உலகுக்குக் கொடுத்த ஆய்வாளரின் தாக்கம், மேற்கோள் எண்ணிக்கையைவிட மதிப்பு மிக்க ஒன்று.

மேற்கோள் எண்ணிக்கைக்கு வெளியே வேறு அங்கீகாரங்களும் வந்தன. 2005-இல் கேம்பிரிட்ஜின் புளூமியன் பேராசிரியர் இருக்கையும், 2019-இல் அரச வானியல் கழகத்தின் தங்கப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தன. ஃபியோனா ஹாரிசனுடன் சேர்ந்து அமெரிக்க வானியலின் ஒரு பத்தாண்டுக்கான முன்னுரிமைகளை வகுத்த குழுவுக்கும் அவர் தலைமை வகித்தார்.

தன் கோட்டைத் தானே திருத்தியது

2012-இல் கெனிகட்டும் நீல் எவன்ஸும் சேர்ந்து மீண்டும் ஒரு மீள்நோக்கு எழுதினர். இந்தக் கூட்டு பொருள் நிறைந்தது. பால்வீதியிலுள்ள மூலக்கூறு மேகங்கள் அனைத்தும் தடையின்றிச் சரிந்தால் விண்மீன்கள் இப்போது பிறப்பதைவிட மிகப் பன்மடங்கு வேகமாகப் பிறக்க வேண்டுமே, ஏன் அப்படி நடக்கவில்லை என்ற புதிரை 1974-இல் பென் சக்கர்மனுடன் எழுப்பியவர் எவன்ஸ். முழுக் கேலக்ஸிகளைப் புள்ளிகளாகப் பார்த்தவரும் தனி மேகங்களுக்குள் நுழைந்து பார்த்தவரும் ஒரே கட்டுரையில் சந்தித்தபோது, 1998-ஆம் ஆண்டின் அளவுமுறை மாற்றி எழுதப்பட்டது. எடை குறைந்த விண்மீன்கள் சால்பீட்டர் கணித்த அளவுக்கு இல்லை என்று இடைக்காலத்தில் தெளிவாகிவிட்டதால், ஆல்ஃபா கோட்டிலிருந்து பெறும் பிறப்பு வீதத்தை 0.68-ஆல் பெருக்கிக் குறைக்க வேண்டும் என்றார்கள், புறஊதாவுக்கு 0.63, அகச்சிவப்புக்கு 0.86. ஒவ்வோர் அலைநீளத்துக்கும் காரணி வெவ்வேறாக இருப்பதால், பழைய காரணிகளைக் கலந்து பயன்படுத்திய ஒப்பீடுகளில் செயற்கையான வேறுபாடுகள் தோன்றியிருக்க வாய்ப்புண்டு. திருத்தம் வெளிவந்த பின்னும் 1998-இன் காரணிகளைப் பயன்படுத்துவது நிற்கவில்லை. முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டும் என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். அக்காரணம் முற்றிலும் நியாயமற்றதன்று. ஆனால் மேற்கோளின் எண்ணிக்கை சரியானதற்கும் பழகியதற்கும் இடையில் வேறுபாடு காண்பதில்லை என்பதை அது உறுதிப்படுத்துகிறது.

விதிக்கும் திருத்தம் வந்தது. மிதி டி லோஸ் ரேயஸுடன் சேர்ந்து 2019-இலும் 2021-இலும் வெளியிட்ட இரு கட்டுரைகளில், மேம்பட்ட தரவைக் கொண்டு கெனிகட் தன் பழைய வரைபடத்தை முதலிலிருந்து மீண்டும் வரைந்தார். சுருள் கேலக்ஸிகளை மட்டும் எடுத்துக்கொண்ட முதல் கட்டுரையில் அடுக்கு 1.41 என்று, 1998-இன் மதிப்பை ஏறத்தாழ அப்படியே உறுதிசெய்வதுபோல வந்தது. பெருவீச்சுக் கேலக்ஸிகளையும் சேர்த்து ஒரே கோடாகப் பொருத்தியபோது 1.5 வந்தது. ஆனால் இரு வகைகளையும் தனித்தனியே பொருத்தியபோது, சாதாரணக் கேலக்ஸிகளுக்கு ஏறத்தாழ 1.3 என்றும் பெருவீச்சுக் கேலக்ஸிகளுக்கு 1-ஐ ஒட்டியும் அமைந்த இரண்டு கோடுகள் கிடைத்தன. 1998-இல் ஒரே கோடாகத் தெரிந்தது, விலகி நிற்கும் இரண்டு தொகுதிகளின் மேல் வரைந்த கோடாக இருக்கலாம் என்பதை அக்கட்டுரை வெளிப்படையாக முன்வைக்கிறது. பெருவீச்சுக் கேலக்ஸிகளில் கார்பன் மோனாக்சைடுக்கான மாற்றுக் காரணி என்ன என்பது உறுதியாகும் வரை, அந்த விலகல் வாயுவின் இயல்பிலிருந்து வருகிறதா அளவையிலிருந்து வருகிறதா என்று தீர்க்க முடியாது. சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கியைக் கொண்டு 90 அண்மைக் கேலக்ஸிகளின் மூலக்கூறு வாயுவை ஏறத்தாழ நூறு பார்செக் நுணுக்கத்தில் பதிவுசெய்த ஃபேங்ஸ் திட்டத்தின் ஆய்வாளர்கள், மேகங்கள் ஒன்று முதல் மூன்று கோடி ஆண்டுகளுக்குள் உருவாகி விண்மீன்களைப் பெற்றுக் கலைந்துவிடுகின்றன என்கிறார்கள். இந்தக் குறுகிய வாழ்நாளும், முழுக் கேலக்ஸியில் வாயு தீர ஆகும் 200 கோடி ஆண்டுகளும் எவ்வாறு ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்பதே இன்று அந்த வரைபடத்தின் முன் நிற்கும் கேள்வி.